மெஷினுக்கு முன்னால் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் ஒரே ஒரு ஹல்லரை (நெல்லை உமி நீக்கித் தீட்டும் மெஷின்) வைத்துச் சின்ன அரவை மில் நடத்துகிறோம். சொந்தமாக நெல் வாங்கி, புழுக்கி, காயவைத்து, அரைத்து விற்கிறோம். அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் நெல்லைக் கூலிக்கும் அரைத்துத் தருகிறோம். ஊறவைப்பது, அவிப்பது, காயவைப்பது எல்லாம் நானும் இன்னும் மூன்று பெண்களும்தான். அரிசி வாங்குகிறவர்கள் இப்போதெல்லாம் நொய் அதிகம், வாடை அடிக்கிறது, கல் கிடக்கிறது என்று விலையைக் குறைக்கிறார்கள். மெஷின் விற்கும் ஒருவர் வந்து, உமி நீக்க ரப்பர் ரோலர், தீட்டப் பாலிஷர், கல் பொறுக்கும் மெஷின் என்று முழு செட்டும் போட்டால் எல்லாம் தீர்ந்துவிடும், கடனுக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். கணவருக்கு ஆசையாக இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இதே மாதிரி வாங்கிய ஒருவரின் மெஷின் இப்போது தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த வருடம் வாங்காதீர்கள். அடுத்த வருடம் வாங்கலாமா என்பதை உங்கள் தொட்டியும் களமும்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் மூன்று: நொய், வாடை, கல். இதில் வாடைக்கும் ஹல்லருக்கும் சம்பந்தமே இல்லை. அது ஊறல் தொட்டியில் பிறப்பது. கல் பெரும்பாலும் களத்திலிருந்து வருவது. நொய்யில் ஹல்லருக்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்ல மெஷினில் போட்டாலும் உடைந்தே தீரும் நெல் என்று ஒன்று இருக்கிறது. அந்த நெல்லை நாம்தான் நம் கையால் தயார் செய்கிறோம். அதைச் சரிசெய்யாமல் முழு செட் போட்டால், புது மெஷினிலிருந்தும் அதே நொய்தான் விழும். கடன் மட்டும் கூடுதலாக இருக்கும்.

முதலில் வாடை. நீங்கள் எத்தனை மணி நேரம் ஊறவைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பச்சைத் தண்ணீரில் இரண்டு நாள், சில இடங்களில் மூன்று நாள்கூட ஊறவைப்பது வழக்கம். நெல் அந்த நேரம் முழுக்கச் சும்மா இருப்பதில்லை, மூச்சு விடுகிறது. தண்ணீரில் கிருமிகள் பெருகிப் புளிக்க ஆரம்பிக்கின்றன. தொட்டியின் மேலே நுரை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரைதான் வாடை. உமிக்குள் போய்விட்டால் எத்தனை முறை பாலிஷ் போட்டாலும் முழுதாகப் போகாது.

இதற்கு மாற்று சுடுதண்ணீர் ஊறல். வேண்டியதெல்லாம் ஒரு நீளத் தண்டுள்ள தெர்மாமீட்டர்தான். தண்ணீரை 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நெல்லின் மேல் ஊற்றினால், நெல் குளிர்ச்சியாக இருப்பதால் இரண்டும் கலந்து 70 டிகிரிக்கு வந்து நிற்கும். அந்தச் சூட்டை விடாமல் மூடி வைத்தால் மூன்று முதல் நான்கு மணி நேரத்தில் நெல் தேவையான தண்ணீரைக் குடித்துவிடும். இரண்டு நாள் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிகிறது. புளிக்க நேரமே இல்லை. கலந்த பிறகும் சூடு 75ஐத் தாண்டி நின்றால் உமி வாய் பிளந்து, உள்ளே இருக்கும் மாவு தண்ணீரில் கரைய ஆரம்பிக்கும், அரிசியின் நிறமும் மங்கும். கையை விட்டுப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. 60ம் 80ம் கைக்கு ஒன்றுதான், இரண்டுமே சுடும். அதனால்தான் தெர்மாமீட்டர் என்று அழுத்திச் சொல்கிறேன். ஊற்றியதும் நன்றாகக் கிளறி, மேலே மிதக்கும் பதரை வாரி எறியுங்கள். அதை அவிப்பதற்கு எரிக்கும் விறகு வீண். நேரம் ஆனதும் தண்ணீரை ஒட்ட வடித்துவிடுங்கள், அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு எடுக்காதீர்கள்.

அப்புறம் அவியல். அண்டாவில் அடியில் தண்ணீர் ஊற்றி, நெல்லை நேராக அதன் மேலேயே கொட்டி அவிக்கிறீர்கள் என்றால், அடியில் இருப்பது தண்ணீரில் வெந்து குழையும், நடுவில் இருப்பது சரியாக அவியும், மேலே இருப்பது அரைகுறையாக நிற்கும். ஒரே அண்டாவில் மூன்று விதமான நெல். அரைத்த அரிசியை உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். நடுவில் சுண்ணாம்பு வைத்ததுபோல வெள்ளைப் புள்ளி தெரியும் அரிசி எத்தனை என்று எண்ணுங்கள். அதுதான் மேல் அடுக்கு. அந்த வெள்ளை இருக்கும் இடத்தில் மாவு வேகவில்லை, ஹல்லரில் அங்கேதான் உடையும்.

நெல்லையும் தண்ணீரையும் பிரிக்க நடுவில் ஒரு துளைத்தட்டு போதும். லேத் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். தண்ணீர் தட்டுக்குக் கீழே கொதிக்கும், ஆவி மட்டும் துளை வழியாக ஏறி நெல்லுக்குள் போகும். மேல்பரப்பு முழுக்க ஒரே சீராக ஆவி கிளம்பி, உமி இலேசாக வாய் திறந்ததும் இறக்கிவிடலாம். ஆப்பிரிக்கா ரைஸ் என்ற நெல் ஆராய்ச்சி மையம் பெனினிலும் நைஜீரியாவிலும் நெல் அவிக்கும் பெண்கள் குழுக்களுக்குக் கொண்டுபோன ‘ஜெம்’ என்ற மேம்பட்ட அமைப்பின் உயிர்நாடியும் இதுதான்: நெல் தண்ணீரில் வேகாமல் ஆவியில் வேக வேண்டும். அதை அங்கே பெரிய அளவில், துருப்பிடிக்காத பாத்திரத்தில் செய்தார்கள். உங்கள் அண்டாவிலும் அதே தத்துவம் வேலை செய்யும்.

சரியாக அவிந்த நெல்லில் இன்னொரு நன்மை இருக்கிறது. வயலிலும் மூட்டையிலும் இருந்தபோதே அரிசியில் விழுந்திருந்த நுண்ணிய கீறல்களை, வெந்து பசையான மாவு ஒட்டவைத்துவிடும். பச்சரிசியாக அரைத்திருந்தால் நொய்யாகப் போயிருக்கும் நெல், புழுங்கலில் முழு அரிசியாக வருவது இதனால்தான். தவிட்டுப் பகுதியில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பங்கும் ஊறும்போதும் அவியும்போதும் அரிசிக்குள் இறங்குகிறது. 1890களில் ஜாவாவில் வேலை பார்த்த கிறிஸ்டியான் எய்க்மன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் எழுந்து நடப்பதையும் கவனித்தார். அந்த வேலைக்கு 1929இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கோழிகளைக் காப்பாற்றிய அந்தச் சத்தில் ஒரு பகுதியை அரிசிக்குள் அனுப்பும் வேலையைத்தான் நீங்களும் அந்த மூன்று பெண்களும் தினமும் செய்கிறீர்கள். இதைச் சின்ன வேலை என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

இப்போது களம். என் அனுபவத்தில் நொய் அதிகம் உருவாகும் இடம் இதுதான், யார் கண்ணுக்கும் படாமல் நடப்பதும் இங்கேதான். அவித்த நெல்லில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரம் இருக்கும். வெயிலில் போட்டதும் ஈரம் வேகமாக இறங்கும். 16 முதல் 18 சதவீதம் வரை எவ்வளவு வேகமாகக் காய்ந்தாலும் அரிசிக்கு ஒன்றும் ஆகாது. அதற்குக் கீழேதான் ஆபத்து. வெளிப்புறம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் அரிசி குறுக்கே கீறிக்கொள்ளும். நெல்லைப் பார்த்தால் தெரியாது, பல்லில் கடித்தாலும் தெரியாது. ஹல்லரில் போட்டதும் இரண்டாகப் போகும், நாம் ஹல்லரைத் திட்டுவோம்.

ஆகவே 16 முதல் 18க்குள் வந்ததும் நெல்லை வாரிக் குவித்து, மூடி, குறைந்தது நான்கு மணி நேரம் விடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது. உள்ளே இருக்கும் ஈரம் வெளிப்புறத்துக்கு வந்து சமமாகும். மறுநாள் திரும்பப் பரப்பி 14 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்ததும் உடனே அரைக்காமல் ஒரு நாளாவது ஆறவிட்டு அரையுங்கள்.

ஈரப்பதமானி இல்லாமல் 17 என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தராசு இருந்தால் போதும். கிடங்கில் நன்றாகக் காய்ந்து 14 சதவீதத்தில் இருக்கும் நெல்லைப் பதர் நீக்கி 10 கிலோ எடை போட்டு ஒரு வலைப்பையில் கட்டுங்கள். அதை மற்ற நெல்லோடு சேர்த்தே ஊறவைத்து, அவித்து, களத்தின் ஓர் ஓரத்தில் தனியாக, அதே கனத்தில் பரப்புங்கள். அவ்வப்போது அதை மட்டும் வாரி எடை போடுங்கள். 10 கிலோ 350 கிராமுக்கு வந்தால் ஈரம் ஏறக்குறைய 17. அப்போது மொத்தக் களத்தையும் குவித்துவிடலாம். திரும்ப 10 கிலோவுக்கு வந்தால் 14, காய்ச்சல் முடிந்தது. முதல் பத்துக் கிலோ 14இல் இருக்கிறதா என்பதைப் பார்க்க உப்பு உதவும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பாகம் நெல், ஒரு கை பொடி உப்பு, மூடிக் குலுக்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15க்கு மேல். ஒட்டாமல் உதிர்ந்தால் பரவாயில்லை. பிறகு கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் வாங்க வேண்டியது ஈரப்பதமானி. முழு செட்டின் விலையோடு பார்த்தால் அது மிகச் சிறிய செலவு.

பரப்பும் கனம் இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் இருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை துழாவுங்கள். தரையில் நேராகக் கொட்டாமல் தார்ப்பாய் விரித்தால் கல்லும் மண்ணும் வெகுவாகக் குறையும், மழை வந்தால் அப்படியே சுருட்டவும் வசதி. காய்ந்த நெல் நனைந்தால் கீறல் விழும் என்பதையும் மனதில் வையுங்கள். திரும்பக் காயவைத்தாலும் அந்தக் கீறல் மறையாது.

உங்கள் கணவரையும் அழைத்து ஒரு காரியம் செய்து பாருங்கள். அரைக்கப் போகும் நெல்லிலிருந்து 50 மணிகளை எடுத்துக் கையால் உமி நீக்குங்கள். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் பரப்பி, அடியிலிருந்து செல்போன் டார்ச்சை அடியுங்கள். அரிசி வெளிச்சத்தில் மின்னும். கீறல் விழுந்த அரிசியில் குறுக்கே நிழல்போல ஒரு கோடு தெரியும். கோடு போட்டவற்றைத் தனியே ஒதுக்கி எண்ணுங்கள். 50இல் 20 என்று வந்தால், அந்த 20க்கும் எந்த மெஷினும் பொறுப்பில்லை. விற்பனைக்காரர் சொல்வதையும் நான் எழுதுவதையும்விட இந்த எண்ணிக்கை உங்கள் கணவருக்கு நன்றாகப் புரியவைக்கும்.

இனி ஹல்லரைப் பற்றி. எங்கெல்பெர்க் என்ற பிரேசில்காரரின் பெயரில் வழங்கும் இந்த மெஷின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. காபிக்கொட்டைக்கும் நெல்லுக்கும் என்று வடிவமைத்தது. உமி நீக்குவது, தீட்டுவது இரண்டையும் ஒரே இரும்பு உருளையில் உராய்ந்தே முடித்துவிடுகிறது. பச்சரிசிக்கு இதில் 100 கிலோ நெல்லுக்கு 53 முதல் 55 கிலோ அரிசிதான் காணும், அதிலும் முழு அரிசி குறைவு. ரப்பர் ரோலரில் உமி நீக்கிப் பிறகு தனியாகத் தீட்டும் சிறிய மில்லில் 60க்கு மேல் காணும். பெரிய ஆலைகளில் 65 முதல் 70. விற்பனைக்காரர் காட்டும் கணக்கு இதுவாகத்தான் இருக்கும். கணக்கு சரிதான். ஆனால் அது பச்சரிசிக் கணக்கு. நன்றாக அவித்துக் காயவைத்த புழுங்கல் நெல் கெட்டியானது, ஹல்லரின் உராய்வையும் தாங்கும், அதில் வித்தியாசம் கணிசமாகக் குறையும். நீங்கள் விற்பது புழுங்கல். எனவே உங்கள் ஆதாயத்தை உங்கள் நெல்லைப் போட்டு அரைத்துத்தான் பார்க்க முடியும். அவர் மெஷின் ஓடும் இடத்துக்கு உங்கள் களத்து நெல் மூன்று மூட்டையைக் கொண்டுபோய், அதே நெல் மூன்று மூட்டையை உங்கள் ஹல்லரிலும் அரைத்து, முழு அரிசி, நொய், தவிடு, உமி நான்கையும் தனித்தனியே எடை போடுங்கள். ஹல்லரில் தவிடும் உமியும் கலந்தே விழும், அதை அப்படியே எடை போட்டால் போதும். இதற்குச் சம்மதிக்காதவரிடம் பேச்சை வளர்க்க வேண்டாம்.

அடுத்து, ஆலோசனை சொல்லும் நாங்கள் பல வருடங்களாகக் கவனிக்கத் தவறிய ஒரு விஷயம். நல்ல மெஷினைச் சின்ன மில்காரர்கள் ஏன் வாங்குவதில்லை என்று கேட்டால், அறியாமை, பழமை என்று சொல்லிவிடுவோம். கூலி அரவையில் நெல் யாருடையது? கொண்டுவந்தவருடையது. 55க்குப் பதில் 62 கிலோ கண்டால் அந்த 7 கிலோவும் அவர் வீட்டுக்குப் போகிறது. மில்காரருக்கு அதே கூலி, கூடவே கடனும் ரோலர் செலவும். பல இடங்களில் தவிடு மில்லுக்கு என்ற ஏற்பாடு வேறு உண்டு. ஹல்லரில் அந்தத் தவிட்டோடு உமித்தூளும் நுண்ணொய்யும் சேர்ந்து விழும், மூட்டை பெரிதாக இருக்கும். மெஷின் மேம்பட்டால் அந்த மூட்டை சிறுத்துவிடும். இந்த நிலையில் வாங்காமல் இருப்பது சரியான கணக்குதான்.

உங்களுக்கு இரண்டு தொழிலும் இருப்பதால், சொந்த நெல் எத்தனை மூட்டை, கூலி நெல் எத்தனை மூட்டை என்று ஒரு சீசன் முழுக்க எழுதிவையுங்கள். சொந்த நெல்லில் கூடும் ஒவ்வொரு கிலோவும் உங்களுடையது. கூலி நெல்தான் அதிகம் என்றால், மெஷின் வாங்குமுன் கூலியைப் பற்றிப் பேச வேண்டும். புது மெஷினில் அரைத்தால் கூடுதலாக வரும் அரிசியில் இத்தனை பங்கு, அல்லது மூட்டைக்குக் கூடுதல் கூலி என்று. ஒருவரின் நெல்லையே இரண்டு விதமாக அரைத்து எடை போட்டுக் காட்டினால் கொடுக்க மறுப்பவர்கள் குறைவு.

ரப்பர் ரோலரின் இயல்பும் தெரிந்திருக்கட்டும். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு உருளைகள், ஒன்று மற்றதைவிட ஏறக்குறைய கால் பங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேக வித்தியாசத்தில்தான் உமி உரிகிறது. உமியில் சிலிக்கா அதிகம், அதனால் ரப்பர் தேயும். வேகமாகச் சுற்றுவது முதலில் தேயும். இரண்டையும் அவ்வப்போது இடம் மாற்றிப் போட வேண்டும். இடைவெளியைக் கையால் சரிசெய்ய ஒருவர் பழக வேண்டும். நெல்லோடு ஒரு கல்லோ ஆணியோ போனால் ரோலர் கெட்டுவிடும், முன்னால் சல்லடையும் காந்தமும் வைத்தாக வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு நானே ரப்பர் ரோலர் சிபாரிசு செய்தேன். சல்லடை பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். சீசன் நடுவில் ரோலர் போனது, மாற்று ரோலர் கையில் இல்லை, நெல் கொண்டுவந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போனார்கள். அடுத்த சீசனில் அவர்கள் பழைய ஹல்லரையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது. நீங்கள் சொன்ன அந்தத் தார்ப்பாய் மெஷினும் எதனால் நின்றது என்று உரிமையாளரிடமே போய்க் கேளுங்கள். ரோலர் கிடைக்காமலா, மின்சாரம் போதாமலா, வருடத்தில் மூன்று மாதம் மட்டும் வேலை இருந்து பன்னிரண்டு மாதம் தவணை கட்ட வேண்டியதாலா? அந்த ஒரு பதிலுக்கு என் கடிதம் முழுவதையும்விட மதிப்பு அதிகம்.

ஆக, வரிசை என்று கேட்டால் என் மனதில் இருப்பது இது. இந்த சீசன் தெர்மாமீட்டர், துளைத்தட்டு, தார்ப்பாய், தராசு. பிறகு ஈரப்பதமானியும் நெல் சல்லடையும். கல் இன்னும் இருந்தால் கல் நீக்கும் மெஷினைத் தனியாகவே வாங்கலாம். சாய்ந்த தட்டு அதிர, கீழிருந்து காற்று வீச, கனமான கல் ஒரு பக்கமும் அரிசி மறுபக்கமும் பிரிந்துபோகும். உங்கள் ஹல்லருக்குப் பின்னாலேயே அதை வைத்துக்கொள்ளலாம். ரப்பர் ரோலர் அதற்கும் அப்புறம். அது வந்தால் உமி தனியாக, தூளாகாமல் கிடைக்கும். நெல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, அவியல் அடுப்புக்கு அதையே எரித்தால் விறகுச் செலவு பெரிதும் மிஞ்சும். கலப்பில்லாத தவிட்டுக்கும் விலை கூடும். ஆனால் பச்சரிசித் தவிடாக இருந்தால், அதில் எண்ணெய் இருப்பதால் அரைத்த சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும், அன்றன்றே எடுத்துப்போகும் ஆள் வேண்டும். பாலிஷர் கடைசி. வெள்ளையாக வேண்டும் என்று அதிகம் தீட்டத் தீட்ட, நாம் விற்கக்கூடிய அரிசிதான் தவிடாகப் போகிறது.

ஒரு விஷயம் உங்கள் கணவர் படிப்பதற்காக எழுதுகிறேன். உங்கள் மில்லில் அரிசியின் தரம் முடிவாகும் இடங்கள் தொட்டி, அண்டா, களம். மூன்றும் உங்கள் மனைவியின் பொறுப்பில் இருக்கின்றன. பயிற்சி என்று யாராவது கூப்பிட்டால் அவரைத்தான் அனுப்ப வேண்டும். விற்பனைக்காரர் வரும்போதும் உங்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். அவருடைய பயத்தில் நியாயம் இருக்கிறது.

சகோதரி, முதலில் ஒரே ஒரு தொட்டி நெல்லைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, துளைத்தட்டில் அவித்து, இரண்டு தவணையாகக் காயவைத்து அரையுங்கள். அதே நெல்லில் இன்னொரு தொட்டியை வழக்கம்போலச் செய்யுங்கள். முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு, விறகு எவ்வளவு என்று இரண்டுக்கும் எழுதி அனுப்புங்கள். 50 மணியில் கோடு போட்டது எத்தனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரோலர் எந்த அளவில் வேண்டும் என்பதை அந்த எண்களை வைத்துப் பேசலாம்.